பிள்ளைக்காரிகளின் அணி

செப்டம்பர் 4, செவ்வாய்

பழைய அரைக்கால் சட்டை இடுப்பில் ஏறவில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். ம்ஹூம். பிரெய்ஷோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றான். என் புருஷன் நல்லவன், சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவன் பட்ட பாடு மட்டும் தெரிந்தது.

நாளை பயிற்சி ஆரம்பம். இசியாவுக்கு நாலு மாதம். எனக்கு முப்பத்து மூன்று வயது. பதினைந்து வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை கூடைப்பந்து. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போவது, யார் கையில் கொடுப்பது என்று ஒரு நொடியில் முடிவு செய்வது. ஆறு ஊர்களில் ஆடிவிட்டு, நாலு வருடத்துக்கு முன் பிறந்த ஊருக்கே, கடலோரத்து இந்தப் போர்த்தோ செய்ஷோவுக்கே திரும்பி வந்தேன். முதல் டிவிஷனில் எங்களைவிடச் சின்ன கிளப் கிடையாது. அதற்கு நான் கேப்டன். இன்னமும் கேப்டன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரிந்த காலத்தில் என் இடத்துக்கு வெளியூரிலிருந்து ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். பில்பாவோக்காரி. பெயர் கோய்சானே. இருபத்து நாலு வயது.

கிளப் தலைவர் எலாதியோ போன வாரம் போனில் பேசினார். "அவசரமே இல்ல சபேலா. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம்." பார்ப்போம் என்றால்? எதை?

செப்டம்பர் 5

இருபது நிமிடம்தான் ஓட முடிந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயிற்சியாளர் ரெமே என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். ஒரு காலத்தில் அவளும் நானும் ஒரே அணியில் ஆடியவர்கள். அதனால் அவள் பார்வை எனக்குத் தெரியும். பில்பாவோக்காரி மூச்சே வாங்காமல், கதை பேசிக்கொண்டே ஓடுகிறாள்.

செப்டம்பர் 7, வெள்ளி

குழந்தைகள் காப்பகத்தில் ஜனவரியில்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். பிரெய்ஷோ காலை ஏழு மணிக்கெல்லாம் படகில் ஏறி சிப்பி வளர்க்கும் மிதவைகளுக்குப் போய்விடுகிறான். வேறு வழியில்லாமல் இசியாவைத் தள்ளுவண்டியோடு அரங்கத்துக்கே கொண்டுபோனேன். பெஞ்ச் ஓரமாக நிறுத்தி வைக்கலாம் என்று எண்ணம். முதல் விசில் சத்தத்துக்கே வீறிட்டாள்.

மோஞ்சோ வந்தார். எங்கள் உடுப்பு, பந்து, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர் பொறுப்பு. அறுபத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, முப்பது வருடம் மீன்பிடிக் கப்பல்களில் சமையல்காரர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். என்னிடம் எதுவும் கேட்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குள் போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் சத்தமே இல்லை. பயந்துபோய் ஓடிப் பார்த்தால், சுற்றிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு முன்னால் இசியா வாயைப் பிளந்து தூங்குகிறாள். பக்கத்தில் ஸ்டூலில் மோஞ்சோ, சாக்ஸ்களை ஜோடி சேர்த்துக்கொண்டு.

"என்ஜின் ரூம் சத்தம்," என்றார். "எனக்கும் அதுலதான் தூக்கம் வரும்."

செப்டம்பர் 19

அவமானம். எழுதிவிட்டால் குறையும் என்று எழுதுகிறேன்.

ஐந்துக்கு ஐந்து ஆடிக்கொண்டிருந்தோம். பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. வெள்ளைப் பனியன். நெஞ்சில் இரண்டு வட்டமாக நனைந்துபோனதை நான் கவனிக்கவில்லை. முதலில் பார்த்தவள் கோய்சானே. பந்து அவள் கையில் இருந்தது. சட்டென்று எனக்கு முன்னால் வந்து நின்று, "ரெமே, ஒரு நிமிஷம், லேஸ் அவுந்துபோச்சு," என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். கட்டியிருந்த லேஸை அவிழ்த்து, திரும்பக் கட்டி, மறுபடி அவிழ்த்தாள். அதற்குள் நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

அவளை வெறுப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 20

இன்று பன்னிரண்டு பேருக்கும் கருநீலப் பனியன். ஏன் என்று ரெமே கேட்டதற்கு, வெள்ளை சீக்கிரம் அழுக்காகிறது என்றாராம் மோஞ்சோ.

அக்டோபர் 13, சனி

முதல் ஆட்டம். சொந்த ஊரில். நான் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. கோய்சானே முப்பத்து நாலு நிமிடம்.

நன்றாக ஆடினாள். இதோ, எழுதிவிட்டேன்.

நவம்பர் 3

பேருந்தில் பதினோரு மணி நேரம். கடைசி இருக்கையில் உட்கார்ந்து பாலைக் கறந்து பாட்டிலில் எடுத்தேன். கோய்சானே துண்டை இரண்டு கையாலும் திரை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். வளைவு வரும்போதெல்லாம் திரையும் அவளும் சேர்ந்து என் மேல் விழுந்தார்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் பாதிப் பால் கொட்டிப்போயிற்று. அழுகையும் வந்தது. இப்போது எது எதற்கு வருகிறது என்று எனக்கே புரிவதில்லை.

நவம்பர் 21

குதித்து இறங்கும்போது சிறுநீர் கசிகிறது. இரண்டு மாதமாக. இன்றுதான் இயன்முறை மருத்துவரிடம் வாயைத் திறந்தேன். அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை; பிள்ளை பெற்றால் பலருக்கும் உண்டு, பயிற்சி செய்தால் சரியாகும் என்றார். அப்படியானால் ஏன் ஒருத்தியும் ஒருத்தியிடம் சொல்வதில்லை? என்னைவிட மூத்த எத்தனை பேரோடு ஆடியிருக்கிறேன்.

டிசம்பர் 8, சனி

நாலு நிமிடம் இறங்கினேன். இரண்டு பந்தைக் கோட்டைவிட்டேன். ஒரே ஒரு பாஸ் மட்டும் பழைய சபேலாவுடையது. எதிராளி இருவரின் நடுவே, தரையில் ஒரு தட்டு தட்டிப் போனது.

இசியா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்தாள் என்கிறான் பிரெய்ஷோ. பொய். மோஞ்சோ சொல்லிவிட்டார், தூங்கினாளாம்.

டிசம்பர் 22

கிறிஸ்மஸ் வந்துவிட்டது. எலாதியோ பார்த்துவிட்டார்.

அவருடைய இரும்புக்கடைக்கு வரச்சொன்னார். கிளப் அலுவலகம் என்று தனியாக ஒன்று இருந்தாலும், அவருக்குப் பேச்சு வருவது ஆணிப்பெட்டிகளுக்கு நடுவில்தான். ஜூன் வரைக்கும் நான் இருக்கலாமாம். "நீ பெஞ்சுல உக்காந்திருந்தாலே போதும் சபேலா. பொண்ணுங்களுக்கு ஒரு தெம்பு." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிரெய்ஷோவிடம் சொன்னேன். சிப்பி கீறிய கையோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், "உனக்கு வெளையாடணுமா, வேண்டாமா?" என்று கேட்டான். வேணும் என்றேன். "அப்ப அவர் சொன்னத அவர் கடையிலயே விட்டுட்டு வா," என்றான்.

சரி. விட்டுவிட்டேன். விட்டுவிட்டேனா?

ஜனவரி 12

ஒன்பது நிமிடம். ஆறு பாஸ், புள்ளி ஏழு. தோற்றோம். ஆனாலும் பசியெடுத்தது. ஆட்டம் முடிந்து பசியெடுத்து எத்தனை நாளாயிற்று!

ஜனவரி 29, செவ்வாய்

இசியா காப்பகம் போக ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. இருந்தாலும் பயிற்சி முடிந்ததும் துவைக்கும் அறைக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. இன்று உள்ளே மோஞ்சோ இல்லை. கோய்சானே தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சபேலா, உனக்கு எத்தனாவது வாரம் தெரிஞ்சுது?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. ஏழு வாரமாம். பில்பாவோவில் அவளுக்கு ஒருவன் இருக்கிறான், ரயில் பட்டறையில் மெக்கானிக்; கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் போய்வந்தாள் அல்லவா. யாருக்கும் தெரியாது, அவனைத் தவிர.

போனில் ஒரு படம் காட்டினாள். ஒப்பந்தத்தோடு அவளிடம் தனியாகக் கையெழுத்து வாங்கிய ஒரு தாள். கர்ப்பம் காரணமாக விளையாட முடியாமல் போனால், அன்றைய தேதியோடு ஒப்பந்தம் முடிந்ததாக இருதரப்பும் ஒத்துக்கொள்கின்றன. கீழே அவள் கையெழுத்து. பக்கத்தில் எலாதியோவுடையது. என்னிடம் அவர்கள் இப்படி ஒன்றும் வாங்கவில்லை. நான் உள்ளூர்க்காரி.

"படிச்சிட்டுத்தான் போட்டேன்," என்றாள். "எனக்கு அப்படியெல்லாம் ஆகாதுன்னு நெனச்சேன்."

எனக்கு முதலில் வந்த நினைப்பு என்னவென்று இங்கேயாவது உண்மையாக எழுத வேண்டும். அவளைப் பற்றி அல்ல. குழந்தையைப் பற்றி அல்ல. என் இடம் எனக்கு — இதுதான். ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான். ஆனால் வந்தது.

ஜனவரி 30

பிரெய்ஷோவுக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன். கிழக்குக் கரையில் வேறொரு ஊர், வேறொரு கிளப். அந்த ஒப்பந்தத்திலும் இதே வரி இருந்தது. நானும் படித்துவிட்டுத்தான் போட்டேன். எனக்கு இருபத்தைந்து வயது. அப்போது என்னோடு இருந்தவன் பெயரைக்கூட எழுத விருப்பமில்லை. நாள் தள்ளிப்போனது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு ஆட்டம் ஆடினேன். ஒன்பதாவது வாரம், ஹோட்டல் அறையில், தானாகவே போய்விட்டது. வயிற்று வலி என்று சொன்னேன். மூன்றாம் நாள் மறுபடி ஆடினேன். பதினாலு புள்ளி எடுத்தேன். செய்தித்தாளில் படம் வந்தது.

அழுதேன். அதெல்லாம் சரி. ஆனால் அழுவதற்கு முன்னால், குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது, அப்பாடா என்று இருந்தது. வேலை போகவில்லை, அப்பாடா. தப்பித்தேன்.

என் குழந்தை போனதற்கு என்னை அப்பாடா சொல்ல வெச்சுட்டாங்களே. ஒரு தாளு. ஒரு கையெழுத்து. அத நானே போட்டேன்.

பிப்ரவரி 1, வெள்ளி

கோய்சானேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துறைமுகச் சுவரில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஹோட்டல் அறை, பதினாலு புள்ளி, அப்பாடா, எல்லாம். சொல்லி முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நான் கேட்டேன், உனக்கு இந்தக் குழந்தை வேணுமா என்று.

"வேணும். அதான் பயமா இருக்கு."

அவ்வளவுதான், இனி பேச என்ன இருக்கிறது? திங்கட்கிழமை எலாதியோவைப் பார்க்கப் போகிறோம்.

பிப்ரவரி 4, திங்கள்

உட்கார்ந்து முழுவதும் எழுத வேண்டும்.

கடையில் ஒரு மீனவர் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை நானும் கோய்சானேயும் பெயின்ட் டப்பாக்களின் விலையைப் படித்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் சொன்னாள். ஒரே மூச்சில். எலாதியோ முகம் மலர்ந்து, மேசையைச் சுற்றிவந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது போல. மலர்ச்சி மெல்ல இறங்கியது.

நான் அந்தத் தாளின் நகலை மேசை மேல் வைத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இத நான் படிக்கவே இல்ல சபேலா. செக்ரட்டரி எங்கேயோ நகல் எடுத்தது. எல்லா கிளப்லயும் வாங்கறாங்கன்னான்."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

அவர் கழுத்து சிவந்துபோயிற்று. எலாதியோ கெட்டவரல்ல. இருபது வருடமாக இந்த கிளப்புக்காகத் தன் கடையைக் கரைத்துக்கொண்டிருப்பவர். பிறகு மெதுவாக, கோய்சானேயைப் பார்க்காமல், என்னிடம் சொன்னார். நாம் கடைசியிலிருந்து மூன்றாவது. கடைசி இரண்டு அணிகள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். கோய்சானே இடத்துக்கு வெளியூரிலிருந்து ஒருத்தியை எடுக்காவிட்டால் இறங்குவது உறுதி. கோய்சானே சம்பளத்தை நிறுத்தினால்தான் இன்னொருத்தியை எடுக்க முடியும். இரண்டும் சேர்த்துக் கட்டாது.

"யாரையும் எடுக்க வேண்டாம். நான் ஆடறேன்," என்றேன்.

"நீயா. நாப்பது நிமிஷமா?"

"எத்தன நிமிஷம் வேணுமோ அத்தன நிமிஷம்."

அவர் என் இடுப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கினார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் காலையில் கண்ணாடியில் அதைத்தான் பார்த்தேன்.

அந்தத் தாளைக் கிழித்தால் மட்டும் போதாது, அடுத்த வருடத்துக்கும் அவளை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் திகைத்துப்போனார். அடுத்த வருஷமுமா என்றார்.

"பிள்ளை செப்டம்பர்ல பொறக்குது. ஜூன்ல ஒப்பந்தம் முடிஞ்சா அவ எங்க போவா? மூணு மாசக் குழந்தையோட எந்த கிளப் கதவத் தட்டுவா?"

"கீழ எறங்கிட்டோம்னா சபேலா? அப்ப?"

"எறங்கினா நானும் கூடவே வரேன். நீங்க எவ்வளவு குடுத்தாலும் சரி. அதையும் சேத்து எழுதுங்க."

இதைச் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்துவிட்டது. கோய்சானே திரும்பி என்னைப் பார்த்தாள்.

எலாதியோ வெகுநேரம் ஆணிப்பெட்டி ஒன்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு கடை ரசீதுப் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைப் புரட்டி, பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். எழுத்துப் பிழையோடு, பெரிய பெரிய எழுத்தில், இருவருக்கும். கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார், கிளப் முத்திரை அலுவலகத்தில் இருந்ததால்.

வெளியே வந்ததும் கோய்சானே நடைபாதையிலேயே வாந்தி எடுத்தாள். சந்தோஷமா, எட்டாவது வாரமா, தெரியவில்லை. நான் அவள் கூந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 9, சனி

முப்பத்தாறு நிமிடம். வென்றோம்!! கால்கள் என்னுடையவை அல்ல. பிரெய்ஷோ என்னைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. சிப்பி மூட்டையைவிட கனம் என்றான்.

மார்ச் 2

ஒன்று வென்றோம், இரண்டு தோற்றோம். ரெமே இடைவேளையில் என்னிடம் மட்டும், தாங்குமா என்று கேட்டாள். தாங்கும் என்றேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோய்சானே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து எதிரணியைக் கவனித்துச் சொல்கிறாள். எட்டாம் எண் இடது பக்கம்தான் திரும்புவாள், கொஞ்சம் தள்ளி நில்லு என்கிறாள். சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 14

இசியா பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை, அவளே. மூன்று நாளாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், என் பொத்தானைப் பிடித்து விளையாடுகிறாள், சிரிக்கிறாள். பத்து மாதம். பனியன் நனையுமே என்று எத்தனை நாள் பயந்திருக்கிறேன். இன்று நனையவில்லை. அழுகைதான் வருகிறது.

மார்ச் 30, சனி

கடைசி ஆட்டம். வென்றிருந்தால் தப்பித்திருப்போம்.

பதினெட்டு நொடி இருக்கும்போது இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து என் கையில். எனக்கு முன்னால் இடம் திறந்திருந்தது. நான் போட்டிருக்க வேண்டும். ஆனால் கால் எழும்பவில்லை. குதித்தால் பந்து வளையத்தைக்கூட எட்டாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூலையில் நின்றவளுக்குக் கொடுத்தேன். நல்ல வீச்சுதான். வளையத்தில் பட்டு வெளியே வந்தது.

தன்னலம் பார்க்காமல் கொடுத்தேன் என்று ரெமே எல்லார் முன்னாலும் பாராட்டினாள். பெருந்தன்மையெல்லாம் இல்லை. காலில் ஒன்றும் மிச்சமில்லை. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

இறங்கிவிட்டோம்.

ஏப்ரல் 2

மீன் கடையில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், பிரெய்ஷோவின் அப்பாவோடு சீட்டாடுபவர், கடைக்காரியிடம் சத்தமாகச் சொல்கிறார், நான் பின்னால் நிற்பது தெரிந்தே: "பிள்ளைக்காரிங்க அணி அது. ஒருத்தி பெத்தா, இன்னொருத்தி பெக்கப் போறா. கூடையில பந்து எப்படி விழும்?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

பதினஞ்சு வருஷம் எத்தனை அரங்கத்துல எத்தனை பேர் கத்தியிருக்காங்க, அதெல்லாம் காதுலயே விழாது. இது விழுந்துச்சு. மீன் வாங்காம வந்துட்டேன். அந்த ஆளு சொன்னது பொய்யும் இல்லையே. கோய்சானேய நிறுத்தியிருந்தா இன்னொருத்தி வந்திருப்பா. அவ கால் எழும்பியிருக்கும். இந்த ஊருக்கே நான் பண்ணின வேலதானே இது?

பிரெய்ஷோவிடம் இதைத்தான் கேட்டேன். அவன் ஆமாம் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆமா. நீ அன்னிக்கி எலாதியோ கடைக்குப் போகலன்னா நாம எறங்கியிருக்க மாட்டோம், அப்படித்தான் வெச்சுக்கோ. அப்ப இன்னிக்கி கோய்சானே எங்க இருப்பா?"

யோசித்தேன்.

"மீன் நாளைக்கி நான் வாங்கறேன்," என்றான்.

ஏப்ரல் 5

மீன் கடைக்காரியே வீட்டுக்கு வந்தாள். நான் வழக்கமாக வாங்கும் மீனைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கு நாலு பிள்ளைகள் என்றாள். நாலு பேறுக்கும் மறுவாரமே கடையில் நின்றாளாம். உட்காராமலே கிளம்பினாள்.

ஜூன் 11, செவ்வாய்

கோய்சானே பிரசவத்துக்கு பில்பாவோ போகிறாள். பேருந்து நிலையத்துக்கு எல்லாரும் வந்திருந்தோம். வயிறு நன்றாகத் தெரிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் சட்டைக்குள் பந்தை ஒளித்து வைத்த மாதிரி என்று ரெமே கேலி செய்தாள்.

எலாதியோ மூச்சு வாங்க ஓடிவந்தார், கையில் ஒரு காகிதப் பை. குழந்தை இழுத்துத் திறக்காமல் இருக்க இழுப்பறைகளில் மாட்டும் பிளாஸ்டிக் கொக்கிகள். ஆறு ஜோடி. எப்படி மாட்டுவது என்று பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடிக்கும்வரை விளக்கிக்கொண்டிருந்தார். "தவழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாட்டிடு. அப்புறம் பிடிக்க முடியாது."

அந்தத் தாளில் அன்று கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். மனிதர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 10

இரண்டாம் டிவிஷன். பாதிப் பேர் போய்விட்டார்கள். பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள் வந்திருக்கிறார்கள், பள்ளிக்கூடப் பையோடு. பயிற்சி இனி மாலையில் மட்டும். காலையில் நான் சிப்பி தரம் பிரிக்கும் கூடத்தில் வேலைக்குப் போகிறேன். ரப்பர் பூட்ஸ், ரப்பர் ஏப்ரன். பிரெய்ஷோ கொண்டுவந்து இறக்குகிறான், நான் பிரிக்கிறேன். வாசனை போவதில்லை. பந்துக்கும் அந்த வாசனை வந்துவிட்டதென்று பெண்கள் புகார் செய்கிறார்கள்.

வருத்தமா? கொஞ்சம். தினமும் இல்லை.

செப்டம்பர் 16

ஆண் குழந்தை. ஓயேர் என்று பெயர். மூன்று கிலோ அறுநூறு. போட்டோவில் முஷ்டி மட்டும் தெரிகிறது. கோய்சானே எழுதியிருக்கிறாள்: "பதினாறு மணி நேரம். நாலு ஓவர்டைம் மாதிரி. நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

சொன்னேனே. அவள்தான் நம்பவில்லை.

நவம்பர் 19

வந்துவிட்டாள். அவள் ஆள் பட்டறையில் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறான். குழந்தையைத் தூக்குவதில் அவளைவிடத் தேர்ந்தவன்.

இன்று கடற்கரைச் சாலையில் முதல் ஓட்டம். எட்டு நிமிடத்தில் நின்றுவிட்டாள். இடுப்பில் கை வைத்துக் குனிந்து, "இது யார் உடம்பு சபேலா?" என்றாள். அடுத்ததை அவள் கேட்பதற்குள் நானே சொல்ல ஆரம்பித்தேன். குதித்தால் கசியும், வெட்கப்படாதே, பயிற்சி இருக்கிறது. மூட்டு இளகியிருக்கும், திடீரென்று திரும்பாதே. குழந்தை அழாவிட்டாலும் காதில் அழுகை கேட்கும். ஆட்டத்தின் நடுவில் எதற்கோ கண் கலங்கும். நடந்துகொண்டே சொன்னேன், சிரித்துக்கொண்டே கேட்டாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

டிசம்பர் 21

இசியாவுக்கு இருமல். பயிற்சிக்குப் போகவில்லை. மூன்றாம் இடத்தில் இருக்கிறோம்.

ஜனவரி 18, சனி

நானூறு பேர் இருப்பார்கள் இன்று. மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்த்து. கோய்சானே ஆட்டக்காரிகள் பட்டியலில் இருந்தாள், ஒரு வருடத்துக்குப் பிறகு. ஆட்டத்தின் நாலு பகுதியில் மூன்று முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். ரெமே அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆட்டம் நெருக்கமாக இருந்தது. நாங்கள் ஐந்து புள்ளிதான் முன்னால். ரெமே மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

ஆறு நிமிடம் மிச்சமிருந்தபோது ஒரு ஃப்ரீ த்ரோவுக்காக ஆட்டம் நின்றது. நான் பெஞ்சைப் பார்த்து முஷ்டியை உயர்த்திக் காட்டினேன். களைத்துவிட்டேன், மாற்று வேண்டும் என்பதற்கான சைகை. இத்தனை வருடத்தில் நான் அதைக் காட்டியதே இல்லை. ரெமே நம்பாமல் என்னைப் பார்த்தாள். மறுபடி காட்டினேன்.

எனக்குக் களைப்பே இல்லை. இன்னும் பதினைந்து நிமிடம்கூட ஆடியிருப்பேன்.

ரெமே கைகாட்ட, கோய்சானே எழுந்தாள். பனியனை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். கோட்டருகே வந்தபோது அவள் கை சில்லென்று இருந்தது.

"நான் யாரப் பிடிக்கணும்?"

"ஏழாம் நம்பர். இடது கைக்காரி. வலது பக்கம் தள்ளிவிடு."

"எனக்குக் கை ஓடல சபேலா."

"தெரியும். போ."

போனாள். நான் பெஞ்சுக்கு வந்தேன். அவள் எழுந்துபோன இடம் இன்னும் சூடாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.